கேளா உரை: தீவினர் உணவு பற்றிய அயலார் கூற்றுகள் – ஒரு வரலாற்று நோக்கு

1. முன்னுரை

ஒருவர் உண்பதைக் கண்ட மற்றொருவர், கேட்கப்படாமலேயே அவ்வுணவைப் பற்றிக் கருத்துக் கூறுவது எல்லாச் சமூகங்களிலும் காணப்படும் மொழிச்செயலாகும். 'இதையா உண்கிறீர்கள்?' என்பது வினா வடிவில் அமையும். 'இது உடம்புக்கு ஆகாது' என்பது அறிவுரை வடிவில் அமையும். 'எங்கள் பக்கத்தில் இதைத் தொடமாட்டோம்' என்பது செய்தி வடிவில் அமையும். வடிவம் எதுவாயினும் மூன்றும் செய்வது ஒன்றே: உண்பவரின் தட்டுக்கும் கூறுபவரின் தட்டுக்கும் இடையே ஒரு கோடு கிழிக்கப்படுகின்றது. கூறுபவர் உறவினராயின் அது உரிமையெனக் கொள்ளப்படும். அயலாராயின் அவ்வாறு கொள்வதற்கு இடமில்லை.

இவ்வகைக் கூற்றை இக்கட்டுரை 'கேளா உரை' எனக் குறிக்கின்றது. தமிழில் 'கேள்' என்னும் வினைக்கு வினவுதல், செவிமடுத்தல் என இரு பொருள்கள் உண்டு. ஆகவே 'கேளா உரை' என்னும் தொடர், ஒருவர் கேட்காதபோது கூறப்படும் உரையையும், கூறப்படுபவர் தம் செவியால் கேளாத உரையையும் குறிக்க வல்லது. இவ்விரண்டும் வெவ்வேறு நிகழ்வுகள். முன்னதற்கு மறுமொழி கூற இயலும், பின்னதற்கு இயலாது. இவ்வேறுபாடே இக்கட்டுரையின் அடிப்படை.

ஆய்வுக்குரிய களமாக அந்தமான் தீவுகள், குறிப்பாக மத்திய அந்தமானிலுள்ள ரங்கத் வட்டாரமும் அதனை நோக்கிச் செல்லும் சாலையும் கொள்ளப்பட்டுள்ளன. அந்தமான் மக்கள் எதை உண்கின்றனர் என்பது குறித்து அயலார் கூறியவை ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக எழுத்தில் பதிவாகியுள்ளன. இத்தனை நீண்ட பதிவுடைய வேறொரு களத்தைக் காண்பது அரிது.

2. தமிழ் மரபில் உணவுப் பேச்சு

தமிழர் ஒருவரையொருவர் சந்திக்கும்போது 'சாப்பிட்டாயிற்றா?' என வினவுவது வழக்கம். இவ்வினாவின் நோக்கம் செய்தி பெறுவதன்று, உறவைப் பேணுவது. 1923 இல் வெளியான தம் கட்டுரையில் மலினோவ்ஸ்கி இத்தகைய பேச்சை உறவாடற்பேச்சு என்னும் கருத்தமைவால் விளக்கினார். ஆயின் 'சாப்பிட்டாயிற்றா?' என்பதற்கும் 'என்ன சாப்பிடுகிறாய், இதுவா?' என்பதற்கும் இடையே தெளிவான எல்லை உள்ளது. முன்னது உண்பவரைப் பற்றியது. பின்னது உண்பொருளைப் பற்றியது. முன்னதில் வினவுபவர் தம்மைத் தாழ்த்தி அக்கறை காட்டுகின்றார். பின்னதில் தம்மை மதிப்பீட்டாளராக உயர்த்திக்கொள்கின்றார்.

பிரவுன், லெவின்சன் ஆகிய இருவரும் 1978 இல் வெளியிட்டுப் பின்னர் 1987 இல் தனி நூலாக்கிய பண்புநயக் கோட்பாட்டிற்குப் பயன்படுத்திய மூன்று முதன்மைத் தரவுமொழிகளுள் தமிழும் ஒன்று. அத்தரவு கோயம்புத்தூர் மாவட்டச் சிற்றூர் ஒன்றில் திரட்டப்பட்டது. ஒருவரின் 'முகம்' எனப்படும் தன்மதிப்பைக் காயப்படுத்தும் மொழிச்செயல்களை அவர்கள் வகைப்படுத்தினர். அவ்வகைப்பாட்டின்படி, அயலாரின் உணவுக் கருத்து உண்பவரின் தேர்வுரிமையையும் மதிப்பையும் ஒருசேரத் தாக்குவதாகும். 1981 இல் அர்ஜுன் அப்பாதுரை, தென்னிந்திய இல்லங்களிலும் திருமணப் பந்திகளிலும் கோயில்களிலும் உணவு எவ்வாறு மோதலுக்கும் மதிப்புக்கும் உரிய ஊடகமாகின்றது என்பதை 'உணவு அரசியல்' என்னும் கருத்தால் விளக்கினார். யாருக்கு முதலில் பரிமாறப்பட்டது, யார் எங்கு அமர்ந்தார் என்பன சொல்லின்றியே பேசப்படும் கூற்றுகள் என்பது அவர்தம் ஆய்வால் பெறப்படும்.

தமிழ் மரபு இவ்வகைக் கூற்றுக்குச் சில தடைகளையும் வைத்துள்ளது. பிறர் உண்ணும்போது உற்றுநோக்குதல் கூடாது என்பதும், நோக்கினால் 'கண்படும்' என்பதும், நோக்கியவருக்கு ஒரு பிடி கொடுத்துவிட்டே உண்ணவேண்டும் என்பதும் இன்றளவும் நிலவும் நம்பிக்கைகள். பார்வைக்கே இத்துணைக் கட்டுப்பாடு எனில், பேச்சுக்கு அது மேலும் பொருந்தும். ஆயினும் 'ஊர்வாயை மூட உலைமூடி இல்லை' என்னும் பழமொழி, தடை இருந்தும் பேச்சு நிற்பதில்லை என்பதை ஒப்புக்கொள்கின்றது. அப்பழமொழி ஊர்ப்பேச்சுக்கு உவமை தேடிச் சென்ற இடம் அடுக்களை என்பதும் நோக்கத்தக்கது.

3. சாதுவன் கூற்று

தீவொன்றில் வாழும் வேற்றினத்தாரின் உணவைப் பற்றி அயலார் ஒருவர் கருத்துரைக்கும் நிகழ்ச்சி தமிழ் இலக்கியத்தில் மிக விரிவாக அமைந்துள்ள இடம், சாத்தனாரின் மணிமேகலையில் 16 ஆம் காதையாகிய 'ஆதிரை பிச்சையிட்ட காதை' ஆகும். இக்காப்பியத்தை உ.வே. சாமிநாதையர் 1898 இல் பதிப்பித்தார்.

ஆதிரையின் கணவன் சாதுவன் பொருளிழந்து வங்கம் ஏறுகின்றான். கலம் உடைகின்றது. ஒடிந்த மரம் ஒன்றைப் பற்றிக்கொண்டு, ஆடையற்ற நாகர் வாழும் மலைப்பகுதியை அடைகின்றான். கரையில் உறங்கும் அவனைக் கண்ட நாகர் அவனுடலைத் தம் உணவாகக் கருதி எழுப்புகின்றனர். அவனோ அவர்தம் மொழியைப் பிழையறக் கற்றவன். காப்பியம் மொழியைப் 'பாடை' என்னும் சொல்லால் குறிக்கின்றது. அவன் அம்மொழியில் பேசியவுடன் நாகர் அச்சமுற்று விலகித் தம் தலைவனிடம் அழைத்துச் செல்கின்றனர். கள் காய்ச்சும் கலங்களும் உலரும் ஊனும் வெள்ளெலும்பும் சூழ்ந்த இருக்கையில் இருந்த தலைவன், அவனுக்குக் கள்ளும் ஊனும் இளம்பெண் ஒருத்தியும் அளிக்குமாறு பணிக்கின்றான். சாதுவன் மறுக்கின்றான்.

இங்குத் தொடங்கும் உரையாடலின் ஒழுங்கு மொழியியல் நோக்கில் மிக முக்கியமானது. சாதுவன் முதலில் நாகரின் உணவைப் பழிக்கவில்லை. தனக்கு வேண்டா என்றே கூறுகின்றான். மறுப்பைக் கேட்ட தலைவன் சினந்து, பெண்டிரும் உண்டியும் இன்றி உலகில் மக்களுக்குப் பயன் உண்டோ எனக் காரணம் கேட்கின்றான். கேட்டபின்னரே சாதுவன் விளக்கம் கூறுகின்றான். தலைவன் அதனை எள்ளி நகைத்து, உயிர் உடலை விட்டு எவ்வாறு செல்லும் என எதிர்வினா எழுப்புகின்றான். மீண்டும் விடை வருகின்றது. இறுதியில் தலைவன், கள்ளும் ஊனும் இன்றி எம் உடல் நிலைபெறாது, எமக்கு இயைந்த அறத்தைக் கூறுக என்கின்றான். சாதுவன் இரண்டே நெறிகளைச் சொல்கின்றான்: கலம் உடைந்து கரைசேரும் மக்களைக் கொல்லற்க, முதுமையால் இறந்த விலங்குகளையன்றிப் பிறவற்றின் உயிர் கவரற்க.

இக்காட்சி சமயப் பிரசாரத்திற்காக அமைக்கப்பட்டது என்பதில் ஐயமில்லை. நாகரை நோக்கும் காப்பியத்தின் பார்வையும் நடுநிலையானதன்று. ஆயினும் மூன்று கூறுகள் கவனத்திற்குரியன. முதலாவது, உணவு பற்றிக் கருத்துரைப்பவன் உண்பவரின் மொழியில் உரைக்கின்றான். இரண்டாவது, அவன் கேட்கப்பட்ட பின் உரைக்கின்றான். மூன்றாவது, உண்பவருக்கு எதிர்வினா எழுப்பும் உரிமை இருப்பதால், முடிவு ஒருதலைப்பட்சமாக அமையாமல் ஊனுண்ணலை முற்றிலும் விலக்காத இடைநிலைத் தீர்வாக அமைகின்றது. உரையாடலே நெறியின் அளவைத் தீர்மானித்தது.

நாகர் மலை எது என்பதில் ஒருமித்த கருத்தில்லை. காப்பியம் கூறும் 'நக்கசாரணர்' என்னும் பெயரை, முதலாம் இராசேந்திரனின் மெய்க்கீர்த்தியில் இடம்பெறும் மாநக்கவாரத்தோடு, அதாவது நிக்கோபாருடன், இணைத்துக் காண்பாரும் உளர். ஒலியொப்புமையை மட்டும் சார்ந்த இவ்வடையாளத்தை உறுதியாகக் கொள்வதற்கில்லை. இங்கு வேண்டப்படுவது இடம் அன்று, உரையாடலின் அமைப்பே.

4. பயணிகள் கூற்று

மணிமேகலையின் உரையாடலுக்கு நேர்மாறான அமைப்பைப் பயணநூல்களில் காணலாம். கி.பி. 851 ஐச் சார்ந்த 'சீன இந்தியச் செய்திகள்' என்னும் அரபு நூல், அந்தமான் மக்கள் மனிதரை உயிருடன் தின்பர் எனக் கூறுகின்றது. அவர்களிடம் படகுகள் இல்லை, இருந்திருப்பின் அவ்வழிச் செல்வோர் அனைவரையும் தின்றிருப்பர் என்றும் அது சேர்த்துரைக்கின்றது. கி.பி. 13 ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ, அத்தீவினருக்கு நாயின் தலை உண்டென்றும், தம் இனத்தவர் அல்லாதார் எவர் சிக்கினும் தின்றுவிடுவர் என்றும், இறைச்சி, அரிசி, பால் ஆகியவற்றை உண்டு வாழ்வர் என்றும் கூறினார்.

இக்கூற்றுகளின் நம்பகத்தன்மையை அவற்றின் உள்ளிருந்தே சோதிக்க இயலும். நரமாமிசம் பற்றிய செய்தியை நேரே சரிபார்க்க வழியில்லாதபோதும், அதனோடு ஒரே மூச்சில் கூறப்பட்ட பிற செய்திகளைச் சரிபார்க்கலாம். அந்தமானியப் பழங்குடியினருள் பெரிய அந்தமானியர் மரத்தைக் குடைந்து மிதவைக்கட்டை பொருத்திய தோணிகளைச் செய்தவர்கள். ஆகவே படகில்லை என்பது பிழை. அவர்கள் பயிர்த்தொழில் செய்ததில்லை, கால்நடை வளர்த்ததில்லை. ஆகவே அரிசியும் பாலும் உண்டனர் என்பது பிழை. சரிபார்க்கத்தக்க பகுதிகளில் பிழைபட்ட ஒரு சான்று, சரிபார்க்கவியலாத பகுதியில் மட்டும் உண்மையாக இருக்கும் எனக் கொள்வதற்கு நியாயமில்லை.

அவர்கள் உண்மையில் எதை உண்டனர் என்பதற்குத் தொல்லியல் விடை தருகின்றது. தீவுகளின் கரையோரங்களில் சிப்பி ஓடுகளும் பன்றி எலும்புகளும் பானை ஓடுகளும் செறிந்த உணவுக்கழிவு மேடுகள் உள்ளன. சரீன் கூப்பர் அகழ்ந்த தென் அந்தமானின் சவுல்தாரி மேடு ஏறத்தாழ 2,200 ஆண்டுகளுக்கு முற்பட்டதாகக் காலம் கணிக்கப்பட்டுள்ளது. அரபு வணிகர் எழுதுவதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, உண்டவர் விட்டுச்சென்ற சான்று நிலத்தில் கிடந்தது.

பயணிகளின் கூற்று, 'கேளா உரை'யின் இரண்டாம் பொருளுக்கு உரியது. அது தீவினரை நோக்கிக் கூறப்படவில்லை. தீவினரைப் பற்றி மூன்றாமவரிடம் கூறப்பட்டது. தீவினர் அதனைக் கேட்கவில்லை, ஆதலின் மறுக்கவுமில்லை. மறுக்கப்படாத கூற்று காலப்போக்கில் அறிவாக நிலைபெற்றது.

5. அகராதியும் மறுப்பும்

1858 மார்ச்சு 10 ஆம் நாள், மருத்துவர் ஜே.பி. வாக்கர் 200 கைதிகளுடன் போர்ட்பிளேரில் தண்டனைக் குடியேற்றத்தை நிறுவினார். 1863 இல் கார்பின் என்னும் பாதிரியாரின் பொறுப்பில் ராஸ் தீவில் 'அந்தமான் இல்லம்' தொடங்கப்பட்டது. அயலார் அந்தமானியரோடு ஒரே இடத்தில் தொடர்ந்து வாழ்ந்து, அவர்தம் மொழியைக் கற்கத் தலைப்பட்டது இக்காலத்திலேயே.

இவர்களுள் எட்வர்டு ஹொரேஸ் மேன் குறிப்பிடத்தக்கவர். அவர் தென் அந்தமானின் அகா-பேயா மொழியைக் கற்று அதற்கு அகராதி தொகுத்தார். அது 1923 இல் நூலாக வெளிவந்தது. 1880களில் வெளியிட்ட தம் ஆய்வில் அவர் நரமாமிசக் கதையை மறுத்தார். அத்தகைய வழக்கம் தம்மிடையே ஒருபோதும் இருந்ததில்லை என அந்தமானியரே வெறுப்புடன் மறுத்தமையை அவர் பதிவுசெய்தார். ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக நிலவிய ஒரு கூற்று, கூறப்பட்டவரிடம் அவர்தம் மொழியில் கேட்கப்பட்டபோது வீழ்ந்தது. அகராதிக் கலையின் பயன்களுள் இதுவும் ஒன்றெனக் கொள்ளலாம்.

1906 முதல் 1908 வரை களப்பணி செய்த ராட்கிளிஃப்-பிரவுன் 1922 இல் வெளியிட்ட நூல், அந்தமானியரிடையே உணவு பற்றிய பேச்சுக்கு உள்ள கட்டுப்பாடுகளை வெளிக்கொணர்ந்தது. பருவம் எய்தும் ஆணும் பெண்ணும் ஆமை, பன்றி முதலிய உணவுகளைக் குறிப்பிட்ட காலம் விலக்கவேண்டும். பின்னர் மூத்தோர் நடத்தும் சடங்கின் வழியே அவ்வுணவுகளை ஒவ்வொன்றாக மீளப்பெறுவர். ஒருவர் எதை உண்ணலாம் என்பதைக் கூறும் உரிமை அங்கு வரையறுக்கப்பட்ட ஒன்று. எவரும் எவரையும் பற்றிக் கூறும் நிலை அங்கில்லை. உணவுக்கு வரைமுறை அற்றவர் என அயலாரால் கருதப்பட்ட மக்களிடம், அயலாரினும் நுட்பமான வரைமுறை இருந்தது.

பெரிய அந்தமானிய மொழிகளில் உடலுறுப்பு அடிப்படையிலான முன்னொட்டுகள் இலக்கண வகைகளாகச் செயற்படுகின்றன என அன்விதா அப்பி விளக்கியுள்ளார். அகா-பேயா, அகா-ஜேரு, அகா-கேதே ஆகிய மொழிப்பெயர்களின் முன்னுள்ள 'அகா' என்பது வாயைச் சார்ந்த முன்னொட்டு. அயலார் அவர்தம் வாயுள் சென்றதைப் பற்றியே பேசினர். அம்மக்களோ வாயினின்று வெளிப்படும் மொழியைக் கொண்டே தம்மைப் பெயரிட்டு வழங்கினர்.

மேனின் மறுப்பு அறிஞருக்கு எட்டிய அளவு பொதுமக்களுக்கு எட்டவில்லை. 1890 இல் வெளியான ஆர்தர் கோனன் டாயிலின் 'நால்வர் குறி' என்னும் புதினத்தில், டோங்கா என்னும் அந்தமானியன் இங்கிலாந்துச் சந்தைகளில் நரமாமிசம் உண்பவனாகக் காட்சிப்படுத்தப்பட்டுப் பச்சை இறைச்சியைத் தின்று காட்டுகின்றான். அந்தமானியர் உணவைச் சமைத்து உண்பவர். பெரிய அந்தமானியர் பானை வனைந்து அதில் சமைத்தனர். உண்மை அகராதியிலும் பொய் புதினத்திலும் இருக்க, மக்கள் புதினத்தையே படித்தனர்.

மொழி கற்கப்பட்ட இதே காலத்தில் மொழி பேசுவோர் மறைந்தனர் என்பதையும் கூறியாகவேண்டும். குடியேற்றத்தோடு வந்த நோய்கள், குறிப்பாக 1877 ஆம் ஆண்டுத் தட்டம்மை, பேரழிவு விளைத்தன. 1901 கணக்கெடுப்பில் 625 ஆக இருந்த பெரிய அந்தமானியர் தொகை 1961 இல் 19 ஆகக் குறைந்தது. மத்திய அந்தமானின் அகா-கேதே, ஓகோ-ஜுவோய், அகா-கோல் ஆகிய மொழிகள் வழக்கொழிந்தன. ரங்கத்தில் குடியேற்றம் தொடங்கியபோது, அந்நிலத்தின் பழைய மொழிகளைப் பேசுவோர் அங்கில்லை.

6. ரங்கத்: அயலார் நடுவே அயலார்

இன்றைய ரங்கத், வடக்கு மத்திய அந்தமான் மாவட்டத்தைச் சார்ந்தது. இம்மாவட்டம் 2006 இல் அமைக்கப்பட்டது, தலைமையிடம் மாயாபந்தர். 1950களில் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து வந்த வங்காள ஏதிலியர் மத்திய அந்தமானில் நிலம் வழங்கப்பெற்றுக் குடியமர்த்தப்பட்டனர். சோட்டாநாகபுரியிலிருந்து 1918 முதல் காட்டுவேலைக்கு அழைத்துவரப்பட்ட, 'ராஞ்சியர்' எனப் பொதுவாக வழங்கப்படும் பழங்குடியினரும், 1920களில் பர்மாவிலிருந்து மாயாபந்தர்ப் பகுதிக்கு வந்த கரேனியரும், தமிழரும், தெலுங்கரும், மலையாளிகளும் மத்திய, வடக்கு அந்தமானில் வாழ்கின்றனர். 2011 கணக்கெடுப்பின்படி ஒன்றியப் பகுதியின் மக்கள்தொகை 3,80,581. தாய்மொழி அடிப்படையில் வங்காளி முதலிடத்திலும் இந்தி இரண்டாமிடத்திலும் தமிழ் ஏறத்தாழ 15 விழுக்காட்டுடன் மூன்றாமிடத்திலும் உள்ளன. பொதுத்தொடர்பு மொழியாக இந்தியே வழங்குகின்றது.

இத்தகைய குடியேற்றத்தில் ஒவ்வொருவரும் மற்றவர் உணவுக்கு அயலாரே. கடுகெண்ணெய்ச் சமையலும் தேங்காயெண்ணெய்ச் சமையலும் அடுத்தடுத்த வீடுகளில் நிகழ்கின்றன. கருவாடு ஒரு தக்க சான்று. தமிழில் 'கருவாடு' என்பதும் கிழக்கு வங்காளத்தார் வழக்கில் 'ஷுட்கி' என்பதும் ஒரே பொருளைச் சுட்டுவன. இரண்டும் அவ்வம்மொழியினரிடையே விருப்பையும் முகச்சுளிப்பையும் ஒருங்கே எழுப்புவன. இந்தியில் அதற்கு 'உலர்ந்த மீன்' எனப் பொருள்படும் விளக்கத்தொடரே வழங்குகின்றது. தாய்மொழிச் சொல்லோடு ஒட்டிய மணமும் மதிப்பீடும் தொடர்புமொழித் தொடரில் குறைந்துவிடுகின்றன. பலருக்குத் தாய்மொழியாக அமையாத, அனைவருக்கும் பொதுவான ஒரு மொழி, கேளா உரையின் கூர்மையை மழுக்கவல்லது என்பதற்கு இது எடுத்துக்காட்டு. மேலும், இங்கு ஒரு குடியேறி மற்றவரின் உணவைப் பற்றி ஒன்று கூறின், மற்றவர் அதே மொழியில் உடனே மறுமொழி கூற இயலும். உரை கேட்கப்படாமல் கூறப்பட்டாலும், கேட்கப்பட்டு விடை பெறுகின்றது.

7. சாலையும் சாளரமும்

ரங்கத்திற்குச் செல்லும் சாலை இதற்கு மாறான நிலையைக் காட்டுகின்றது. 2024 இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட போர்ட்பிளேரிலிருந்து புறப்படும் அந்தமான் நெடுஞ்சாலை, ஜிர்க்காடாங் சோதனைச் சாவடியைக் கடந்து ஜாரவா காப்பகத்தின் ஊடே சென்று, பாராடாங், கதம்தலா வழியாக ரங்கத்தை அடைகின்றது. காப்பகப் பகுதியில் ஊர்திகள் காவலுடன் கூட்டமாகவே செல்லவேண்டும். இடையில் நிறுத்துதலும் உணவு கொடுத்தலும் படமெடுத்தலும் தடைசெய்யப்பட்டுள்ளன. இத்தடைகளுக்கு அடிப்படை 1956 ஆம் ஆண்டுப் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறை. 2002 இல் உச்ச நீதிமன்றம் காப்பகப் பகுதியில் சாலையை மூடுமாறு பணித்தும் போக்குவரத்து தொடர்ந்தது.

'ஜாரவா' என்பது அம்மக்கள் தமக்கு இட்டுக்கொண்ட பெயரன்று. அயலார் எனப் பொருள்படும் அகா-பேயாச் சொல் அது எனக் கொள்வர். அவர்கள் தம்மை 'ஆங்' என அழைத்துக்கொள்கின்றனர். தம் நிலத்தில் வாழ்வோர் அயலார் எனவும், அந்நிலத்தின் ஊடே செல்வோர் பெயரற்ற பொதுமக்கள் எனவும் வழங்குமாறு பெயரிடல் தலைகீழாகியுள்ளது.

1974 முதல் அரசுத் தொடர்புக் குழுவினர் படகில் சென்று தேங்காயும் வாழைப்பழமும் கொடுத்துவந்தனர். 1996 இல் கதம்தலாப் பகுதியில் கால் முறிந்த நிலையில் காணப்பட்ட ஜாரவா இளைஞர் ஒருவர் போர்ட்பிளேரில் சில மாதம் மருத்துவம் பெற்றுத் திரும்பினார். 1997 அக்டோபர் முதல் ஜாரவர் அம்பின்றிப் பகலில் குடியிருப்புகளுக்கு வரத் தொடங்கினர். 1999 இல் அவர்களிடையே தட்டம்மை பரவியது. 1877 ஐ அறிந்தோர்க்கு அதன் பொருள் விளங்கும். 2004 இல் அறிவிக்கப்பட்ட ஜாரவா கொள்கை, அவர்தம் விருப்பத்திற்கு மாறாக அவர்களைப் பொதுவாழ்வில் இணைக்க முயல்வதில்லை என்னும் நெறியை ஏற்றது. 2011 கணக்கெடுப்பில் அவர்தம் தொகை 380.

2012 சனவரியில் பிரித்தானிய நாளேடு ஒன்று, உணவுக்கு ஈடாக ஜாரவப் பெண்கள் ஆடுமாறு ஏவப்படும் காணொளியை வெளியிட்டது. அது நாடெங்கும் கண்டனத்தை எழுப்பியது. அவ்வாண்டே ஒழுங்குமுறையின் தண்டனைகள் கடுமையாக்கப்பட்டன. 1890 ஆம் ஆண்டுப் புதினத்தில் டோங்கா இறைச்சி தின்று காசு ஈட்டிக் கொடுத்தான். 122 ஆண்டுகளுக்குப் பின் கற்பனை அல்லாத மனிதர் உணவுக்காக ஆடுவிக்கப்பட்டனர். உண்பவரைக் காட்சிப்பொருளாக நோக்கும் பார்வை மாறவில்லை.

சாளரத்தின் வழியே கூறப்படும் சொற்களை ஜாரவர் தம் செவியால் கேட்கலாம். ஆயின் அவர்தம் மொழியில் அவை கூறப்படுவதில்லை. கூறுவோர் விடைக்கு நிற்பதுமில்லை. ஊர்தி நிற்கலாகாது என்பதே சட்டம். அச்சட்டம் ஜாரவரைக் காப்பதற்கு இன்றியமையாதது. ஆனால் அதன் கீழ் உரையாடல் என ஒன்று இயலாது. கூற்று மட்டுமே இயலும். எனவே அச்சாலையில் தகுந்த மொழிச்செயல் மௌனமே ஆகும். உணவளித்தலைத் தடைசெய்யும் விதி, உணவு பற்றிய பேச்சையும் சொல்லாமல் தடைசெய்வதாகக் கொள்ளவேண்டும்.

8. மொழிபெயர்ப்பாளர்க்குரிய செய்திகள்

அந்தமான் பழங்குடியினர் பற்றிய ஆங்கில நூல்களும் அறிக்கைகளும் தமிழில் பெயர்க்கப்படும்போது மூன்று இடங்களில் கேளா உரை தானே நுழைந்துவிடும்.

முதலாவது, வினைத்தேர்வு. ஆங்கிலத்தில் உண்ணுதலுக்கு ஒரே பொதுவினை போதும். தமிழில் உண், தின், சாப்பிடு, அருந்து, பருகு எனப் பல உள. உண்பன, தின்பன, பருகுவன, நக்குவன என உணவை நான்காகப் பகுத்த மரபில் 'தின்' என்பது இழிவுப்பொருள் உடையதன்று. ஆயின் இன்றைய வழக்கில் மனிதரின் முதன்மை உணவுக்கு அதனைப் பயன்படுத்துவது பல வட்டாரங்களில் மதிப்புக்குறைவாகும். 'தமிழர் மீன் சாப்பிடுகின்றனர், ஜாரவர் பன்றி தின்கின்றனர்' என எழுதப்படும் வாக்கியத்தில், மூலத்தில் இல்லாத ஒரு தீர்ப்பு வினையின் வழியே சேர்ந்துவிடுகின்றது. மணிமேகலை நாகர் தலைவனின் வாயில் வைத்த சொல் 'உண்டி' என்பது இங்கு நினைக்கத்தக்கது.

இரண்டாவது, திணை. பேச்சுத்தமிழில் மக்களை 'அதுகள்' என அஃறிணைப் பன்மையால் சுட்டுவது இரக்கமாகவோ இகழ்ச்சியாகவோ அமையும். இரண்டும் மேலிருந்து கீழ்நோக்குவன. நேர்காணல்களைப் பெயர்த்தெழுதும்போது கூறுபவரின் சொல்லாயின் அதனை மறைத்தலாகாது. பெயர்ப்பாளரின் சொல்லாயின் அதனைப் பயன்படுத்தலாகாது.

மூன்றாவது, 'பச்சை' என்னும் அடை. தமிழில் அது நிறத்தையும், சமைக்கப்படாமையையும், புதுமையையும் குறிக்கும். கடற்கரை வழக்கில் 'பச்சை மீன்' என்பது கருவாடு அல்லாத புதுமீனைச் சுட்டும். ஆகவே மூலத்தின் பொருள் புதிய இறைச்சியா, வேகாத இறைச்சியா எனத் தெளியாமல் 'பச்சை இறைச்சி' என எழுதுவது, பன்றியிறைச்சியை இலையில் பொதிந்து சூடேற்றிய கற்களிட்ட குழியில் வேகவைக்கும் ஜாரவரைக் கோனன் டாயிலின் கற்பனைக்குள் மீண்டும் தள்ளிவிடும்.

இவற்றோடு, அவர்தம் உணவு விலக்குகளையும் பெயர்ப்பாளர் அறிந்திருத்தல் வேண்டும். ஆங்கிலேயர் தீவுகளில் கொண்டுவந்து விட்ட புள்ளிமான் காட்டில் பெருகியபோதும் ஜாரவர் அதனை உணவாகக் கொள்ளவில்லை. மானிறைச்சியை விரும்பியவர் குடியேறியவரே. கிடைப்பதையெல்லாம் உண்பவர் காட்டு மக்கள் என்னும் பொதுக்கூற்று இந்த ஒரு செய்தியாலேயே தகர்கின்றது.

9. முடிவுரை

மேற்கண்ட வரலாற்றிலிருந்து பின்வருவன பெறப்படுகின்றன.

அ. பிறர் உணவு பற்றிய அயலார் கூற்றின் தன்மையைத் தீர்மானிப்பது அதன் உள்ளடக்கம் மட்டுமன்று. கூறப்படுபவருக்கு மறுமொழி கூறும் வாய்ப்பு உண்டா என்பதே முதன்மையானது.

ஆ. மணிமேகலைச் சாதுவன், அரபு நூலார், மேன், சாலைப் பயணி ஆகிய நால்வகைக் கூற்றாளருள் பொய்யைப் பரப்பாதவர், உண்பவரின் மொழியைக் கற்ற இருவரே.

இ. மறுக்கப்படாத கூற்றை உண்மையெனக் கொள்ளும் வழக்கம் இலக்கியம், பயணநூல், மொழிபெயர்ப்பு ஆகிய மூன்றின் வழியும் தொடரக்கூடியது.

ஜாரவா மொழி பற்றிய ஆய்வு அண்மைக் காலத்தது. இந்திய மானிடவியல் அளவைத் துறை வெளியிட்ட ஆர். செங்குட்டுவனின் ஒலியனியல் நூல் 2000 இல் வந்தது. இலக்கண விளக்கங்கள் அதன் பின்னரே தோன்றின. உண்ணுதல், விலக்குதல், பகிர்தல், மறுத்தல் ஆகியவற்றுக்கு அம்மொழியில் உள்ள வினைகளையும், அவற்றை யார் யாரிடம் கூறலாம் என்னும் வழக்கையும் முறையாகத் தொகுத்தல் அடுத்து வரவேண்டிய பணி. 2004 ஆம் ஆண்டுக் கொள்கை அவர்தம் விருப்பத்தை மதிப்பதாகக் கூறுகின்றது. அவ்விருப்பம் எத்தகையது என அறிய அவர்களைக் கேட்கவேண்டும். கேட்பதற்கு அவர்தம் சொற்கள் தெரிந்திருக்கவேண்டும்.